சிபி ரேடியோவா, ஜிஎம்ஆர்எஸ்ஸா? யாரோடு பேசப் போகிறீர்கள்?

அமெரிக்காவில் இரண்டு மூன்று கார்களில் சேர்ந்து நெடுந்தூரம் கிளம்புகிறவர்கள் காருக்குக் கார் பேச ரேடியோ வாங்கும்போது முதலில் கேட்பது, எது அதிக தூரம் எடுக்கும் என்பதுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது வேறு: பேசப் போவது உங்கள் ஆட்களோடா, சாலையில் போகிற முன்பின் தெரியாதவர்களோடா?

முன்பின் தெரியாதவர்கள் என்றால் யாரும் பேசக்கூடிய பொது ரேடியோவான சிபி-தான் (சிட்டிசன்ஸ் பேண்ட்), பேச்சே இல்லை. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 40 சேனல், ஏஎம்மில் 4 வாட், உரிமம் வாங்கும் வேலை 1983-லேயே ஒழிந்தது. 1973 எண்ணெய் நெருக்கடியில் எந்த பெட்ரோல் பங்க்கில் டீசல் இருக்கிறது என்று லாரிக்காரர்கள் சொல்லிக்கொண்ட பெட்டி இது, இன்றும் அவர்கள் இருப்பது 19-ஆம் சேனலில். நெவாடாவில் ஐ-80 சாலையில் ஒரு மாலை, போனில் சிக்னல் சுத்தமாக இல்லாத இடம், "கிழக்கே போறவங்க இடது லேனுக்கு வந்துடுங்க, மேட்டுக்கு அந்தப் பக்கம் டிரெய்லர் கவிழ்ந்து கிடக்கு" என்று கரகரவென்று ஒரு குரல் வந்தது. மேடு ஏறி இறங்கினால் அப்படியே கிடந்தது. உரிமம் வாங்கிப் பேசும் இன்னொரு வகை ரேடியோவான ஜிஎம்ஆர்எஸ் (ஜெனரல் மொபைல் ரேடியோ சர்வீஸ்) எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் இதைச் செய்யாது, ஏனென்றால் பெரும்பாலான லாரிகளில் அது இருக்காது.

ஆனால் சிபி-க்கு ஆன்டெனாதான் உயிர். அலைநீளம் 11 மீட்டர், அதில் கால் பங்கு வைத்தாலே கிட்டத்தட்ட 2.75 மீட்டர் கம்பி வேண்டும், அதைக் காரில் நிறுத்த முடியாமல்தான் சுருள் சுற்றிக் குட்டையாக்கி விற்கிறார்கள். கையில் பிடிக்கும் சிபி சொதப்புவதற்கும் இதே காரணம். அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் இல்லாமல் பொருத்தவே பொருத்தாதீர்கள், அளவு 1-ஐ நெருங்க நெருங்க நல்லது. காந்த ஆன்டெனாவை டிக்கி ஓரத்தில் வைத்தபோது எனக்கு மீட்டர் 3-க்கு மேல் காட்டியது, கூரை நடுவில் வைத்ததும் 2-க்கு வந்தது. சேனல் 1-ஐ விட 40-இல் அளவு கூடுதலாக இருந்தால் கம்பி நீளம் என்று அர்த்தம், அதனால் நுனித் திருகைத் தளர்த்தி ஒரு நகக்கண் அளவு உள்ளே இறக்கினேன், இரண்டு பக்கமும் 1.4-க்கு வந்தது. அதன் பிறகுதான் எதிர்முனையில் பேச்சு புரிந்தது.

உங்கள் ஆட்களோடு மட்டும் பேசவா? சரி, அப்படியானால் ஜிஎம்ஆர்எஸ் வாங்குங்கள், தயங்கவே வேண்டாம். 462 மெகாஹெர்ட்ஸ் என்பதால் ஒரு சாண் அளவுகூட இல்லாத ஆன்டெனா போதும், எஃப்எம் என்பதால் இன்ஜின் இரைச்சல் ஏறாது, 50 வாட் வரை போகலாம், மலைமேல் ரிப்பீட்டர் (பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) இருந்தால் ஊர் தாண்டியும் கேட்கும். உரிமம் 35 டாலர், பத்து வருடம் செல்லும், பரீட்சை கிடையாது, ஒருவர் எடுத்தால் குடும்பமே பேசலாம். சூரியனில் கரும்புள்ளிகள் பெருகும் வருடங்களில் சிபி அலைகள் மேல் வளிமண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் ஆயிரம் மைல் தள்ளி இருப்பவர் வந்து பக்கத்துக் காரின் பேச்சை அமுக்கிவிடுவார், இதில் அந்தத் தொல்லை இல்லை.

எஃப்ஆர்எஸ் என்பது கடையில் ஜோடியாகத் தொங்கும் வாக்கி டாக்கி. அதிகபட்சம் 2 வாட், ஆன்டெனாவைக் கழற்ற முடியாது, அட்டையில் போட்டிருக்கும் 35 மைல் மலை உச்சிக்கு மலை உச்சி கணக்கு. தெருவில் ஒரு மைல் எடுத்தால் நல்லது. முகாமில் பிள்ளைகள் கையில் கொடுக்க அருமை, அதன் 22 சேனலும் ஜிஎம்ஆர்எஸ்ஸோடு பொது என்பதால் காரிலிருந்தே அவர்களைக் கூப்பிடலாம். 'பிரைவசி கோட்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், மற்றவர் சத்தம் உங்களுக்குக் கேட்காமல் அது தடுக்கும், அவ்வளவுதான். நீங்கள் பேசுவதை யாரும் கேட்கலாம்.

அப்புறம், இவற்றை ஊருக்குக் கொண்டுபோய் உபயோகிக்க நினைக்காதீர்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அனுமதி உள்ள சிபி அலைவரிசை 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரைதான், அமெரிக்கப் பெட்டியின் மேல் சேனல்கள் அதற்கு வெளியே போய்விடும். 462-க்கு அங்கே இந்தச் சலுகையே இல்லை.

நாங்கள் கிளம்பும்போது எல்லாக் காரிலும் ஜிஎம்ஆர்எஸ் இருக்கும். முன்னால் போகிற காரில் மட்டும் சிபி, 19-இல் திறந்தபடியே.