80ஜி பதிவு செய்து தந்த ஆடிட்டர் அலுவலகம்: ஒரு கடற்கரை ஊர் அறக்கட்டளையின் அனுபவம்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையே உள்ள எங்கள் ஊரில், பாசி எடுக்கக் கடலுக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்கு மாலைப் படிப்பகம் நடத்துவதற்காக, 2022ஆம் ஆண்டின் கடைசியில் ஐந்து பேர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கினோம். நன்கொடை தருபவருக்கு வருமானவரிச் சலுகை கிடைக்க வேண்டுமானால் அறக்கட்டளையின் சொந்த வருமானத்துக்கு விலக்கு தரும் 12ஏ பதிவும், நன்கொடையாளருக்குக் கழிவு தரும் 80ஜி ஒப்புதலும் வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. இராமநாதபுரத்தில் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்திடம் அந்த வேலையை ஒப்படைத்தோம். பாராட்ட நிறையவும் குறை சொல்லக் கொஞ்சமும் இருப்பதால் அலுவலகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

படிவத்தைத் தொடுவதற்கு முன் அவர்கள் எங்கள் பத்திரத்தைப் படித்தார்கள். அந்த ஒன்றுக்காகவே அங்கே போகலாம். வேறோர் அறக்கட்டளையின் பத்திரத்தைப் பார்த்து எழுதி, மறுநாளே சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோகத் தயாராக வைத்திருந்த எட்டுப் பக்க வரைவை, அங்கே பணிபுரியும் இளம்பெண் ஒருவர் பென்சிலும் கையுமாக வரிவரியாகப் படித்தார். ‘நமது சமூக மக்களின் முன்னேற்றத்திற்காக’ என்ற தொடரில் பென்சில் நின்றது. “சார், எந்தச் சமூகம்னு கேப்பாங்க. இது இருந்தா 80ஜி வராது” என்றார். குறிப்பிட்ட மதத்தவருக்கோ சாதியினருக்கோ மட்டும் பயன்படுவதாக எழுதப்பட்ட அமைப்புக்கு 80ஜி ஒப்புதல் கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்காக என்று எழுதினால் அந்தத் தடை பொருந்தாது. ‘கடல் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களின் குழந்தைகளுக்காக’ என்று அவரே திருத்தி எழுதிக் கொடுத்தார்.

அடுத்து அடிபட்டது ‘ஊர்த் திருவிழாவுக்கு உதவுதல்’ என்ற நோக்கம். 80ஜி பெற்ற அமைப்பு ஓராண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் சமயக் காரியங்களுக்குச் செலவிடக் கூடாது என்பதால், கொடியேற்றமோ கந்தூரியோ எதுவானாலும் நோக்கங்களின் பட்டியலில் இல்லாமல் இருப்பதே நல்லது என்றார்கள். எங்கள் பொருளாளருக்கு இதில் மனத்தாங்கல்தான். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி இருக்கிறது, படிப்பகத்துக்குத்தான் எதுவும் இல்லை என்று நாங்கள் எடுத்துச் சொன்ன பிறகே இணங்கினார். அறக்கட்டளை கலைக்கப்பட்டால் எஞ்சிய சொத்து அறங்காவலர்களுக்குத் திரும்பாமல் இதே நோக்கமுள்ள வேறோர் அமைப்புக்குச் சேர வேண்டும் என்ற பிரிவு எங்கள் வரைவில் அறவே இல்லை, அதையும் சேர்த்தார்கள். பதிவு முடிந்த பிறகு இவை தெரிய வந்திருந்தால் திருத்தப் பத்திரம், மறுபடி அலைச்சல், மறுபடி செலவு.

அதன்பின் நடந்தவை விரைவானவை. பத்திரப் பதிவு, அறக்கட்டளையின் பெயரில் பான் அட்டை, இணையவழியே படிவம் 10ஏ என்று முடிந்து, 2023 ஜனவரியில் மூன்றாண்டுக்கான தற்காலிகப் பதிவும் ஒப்புதலும் வந்துவிட்டன. இந்தப் படிவத்துக்கு அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. நாங்கள் கொடுத்த 14,000 ரூபாயும் அலுவலகத்தின் உழைப்புக்கான கூலியே. (நான் எழுதும் பிரிவு எண்களும் படிவ எண்களும் எங்கள் பதிவு நடந்த 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின்படியானவை. 2025ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் அந்த எண்கள் மாறுகின்றன.)

நன்கொடையாளரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதையும் ஆடிட்டரே உட்கார்ந்து விளக்கினார். பத்தாயிரம் கொடுத்தால் ஐயாயிரம் திரும்ப வரும் என்றுதான் ஊரில் பலரும் எண்ணியிருந்தார்கள். உண்மையில் ஐயாயிரம் ரூபாய் அவருடைய வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். அவர் 20 சதவீத வரி செலுத்துபவரானால், கூடுதல் வரியையும் சேர்த்து மிச்சமாவது 1,040 ரூபாய். அதுவும் பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டுமே. புதிய முறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவே கிடையாது. எங்கள் பகுதிக்கு மிகவும் உறைக்கக்கூடிய விதி வேறொன்று: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குச் சலுகை இல்லை. மீன் ஏலம் முடிந்த கையோடு ஈரம் காயாத ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் பத்தை எண்ணிக் கொடுக்கும் படகு முதலாளிக்கு, வங்கி வழியாக அனுப்புங்கள் என்று சொல்வது எளிதன்று. ஆனால் அதை முதல் நாளே சொல்லிவிட்டதால் பிற்பாடு யாரும் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் பணத்தைப் பற்றிக் கேட்டபோதும் தெளிவான பதில் கிடைத்தது. இந்தியக் கடவுச்சீட்டை வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம்; அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் உடன்பிறந்தவரே ஆனாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது. வந்த ஒரு தொகையை நாங்கள் திருப்பி அனுப்பியது இந்த அறிவுரையால்தான்.

இவ்வளவு கவனமாக இருந்தவர்கள், சான்றிதழ் கைக்கு வந்ததும் எங்களை மறந்துவிட்டார்கள். ஒரு நிதியாண்டில் பெற்ற நன்கொடைகளின் விவரத்தை அடுத்து வரும் மே 31க்குள் படிவம் 10பிடியில் தாக்கல் செய்து, அதிலிருந்து உருவாகும் 10பிஇ சான்றிதழை ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் கொடுக்க வேண்டும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்கள் அச்சடித்துக் கொடுத்த ரசீதே போதும் என்று இருந்தோம். ஜூன் மாதம் ஒரு நன்கொடையாளர், ஆசிரியர், “சார், சான்றிதழ் எங்கே?” என்று கேட்ட பிறகுதான் விழித்தோம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் வீதம் 17 நாளுக்கு 3,400 ரூபாய். எங்கள் படிப்பகத்தின் இரண்டு மாத மின்கட்டணத்தைவிட அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்க, படகுக்காரரான எங்கள் பொருளாளர் வலை பின்னிக்கொண்டு சும்மா இருந்த நாள்கள் அவை. ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால் போதும்.

தற்காலிகப் பதிவு மூன்றாண்டு செல்லும் என்று நிம்மதியாக இருந்ததிலும் ஒரு கண்ணி இருந்தது. பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது காலாவதிக்கு ஆறு மாதம் முன்பு, இவற்றில் எது முந்தியதோ அதற்குள் நிரந்தரப் பதிவுக்குப் படிவம் 10ஏபி கொடுத்தாக வேண்டும். படிப்பகம் 2023 ஜூனில் தொடங்கியதால் எங்கள் கெடு டிசம்பரிலேயே முடிந்துபோயிருந்தது. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கை அவகாசத்தை ஜூன் 30 வரை நீட்டித்ததால் தப்பித்தோம். வருமானவரித் துறையின் சென்னை அலுவலகத்திலிருந்து கேள்விகள் வந்தபோது மாணவர் வருகைப் பதிவேடு, பலகை வாங்கிய பில், படிப்பகத்தின் புகைப்படங்கள் என்று கேட்டு வாங்கி, ஒன்றும் விடுபடாமல் பதில் அனுப்பியது அதே அலுவலகம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். பென்சில் பிடித்த அதே பெண்தான் அதையும் செய்தார்.

இப்போது ஆண்டு வேலைகளுக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. 10பிடியைப் பொருளாளரின் மகளே வீட்டிலிருந்து தாக்கல் செய்கிறாள். பான் எண் இல்லாதவர்களிடம் ஆதார் எண்ணை வாங்குவதுதான் அவளுக்கு ஒவ்வோர் ஏப்ரலிலும் பெரும்பாடு. பக்கத்து ஊரில் பெண்கள் சிலர் அறக்கட்டளை தொடங்கப் போவதாகச் சொன்னபோது, பத்திரத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே அந்த ஆடிட்டர் அலுவலகத்தின் மாடிப்படி ஏறச் சொல்லி அனுப்பினேன். கேட்க வேண்டிய தேதிகளை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன்.