"இலவச வெளிச்சப் பரிசோதனை" என்று வருபவர்களிடம் கவனம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடு) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளுக்கு வந்தவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. வீட்டின் நடு அறையில் கைப்பேசியை நீட்டி வெளிச்சத்தை அளந்துவிட்டு, "உடம்புக்கு ஆபத்து" என்று சிவப்பு எழுத்தில் ஓர் அறிக்கை தருவார்கள். கையோடு "சூரிய ஒளி" எல்இடி விளக்கு நான்கு, 480 ரிங்கிட். ஒரு குடும்பம் இப்படித்தான் ஏமாந்தது. அறை இருட்டு என்பது மட்டும் நிஜம்.

முதல் அளவைத் திரைச்சீலை மூடியிருக்க, கைப்பேசியைச் சுவர்ப்பக்கம் திருப்பி எடுத்தார்கள். இரண்டாவது அளவு புது விளக்குக்கு நேர் கீழே. எண் ஏறாமல் என்ன செய்யும்? கைப்பேசியில் உள்ள ஒளியுணரி திரையின் பிரகாசத்தைச் சரிசெய்ய வைத்தது. கை கொஞ்சம் சாய்ந்தாலே கணக்கு மாறும்.

இயற்கை வெளிச்சத்தை அளக்க, வானம் முழுக்க மேகம் மூடிய நாள் வேண்டும். விளக்கெல்லாம் அணைத்து, திரைச்சீலையை விலக்கி, தரையிலிருந்து 85 செ.மீ. உயரத்தில் லக்ஸ் மீட்டரை (வெளிச்சத்தை அளக்கும் கருவி; லக்ஸ் அதன் அலகு) மேல்நோக்கி வையுங்கள். அதே நிமிடம் வெளியே, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் இன்னொரு அளவு. மேகம் நகர்ந்தால் கணக்கு கெட்டுவிடும். வெளியே 10,000 லக்ஸ், உள்ளே 100 என்றால், வெளி வெளிச்சத்தில் 1 விழுக்காடு உள்ளே வருகிறது. பிரிட்டனின் பழைய தரநிலை இந்த விழுக்காடு படுக்கையறைக்கு 1, வரவேற்பறைக்கு 1.5, சமையலறைக்கு 2 என்று சராசரி கேட்டது. சராசரி என்பதால் அறையில் நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். மீட்டர் இல்லையா? கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திச் சன்னலைப் பாருங்கள். வானம் துளியும் தெரியாத இடம் பகலிலும் மங்கலாகத்தான் இருக்கும்.

மலேசியாவின் சீரான கட்டடத் துணைச் சட்டம் 1984, குடியிருப்பு அறைக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காடு சன்னலும், 5 விழுக்காடு காற்றுத் திறப்பும் கேட்கிறது. 10க்கு 12 அடி அறைக்கு 12 சதுர அடி சன்னல். அதே அளவு இழுவைச் சன்னல் பாதிதான் திறக்கும். 6 சதுர அடி, மயிரிழையில் தேறும்.

ஏமாந்த அந்தக் குடும்பத்தின் வீட்டில் சன்னல் சரியான அளவுதான். ஆனால் பின்னால் சமையலறையை நீட்டியதில் அது வானத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்க்கிறது. முன்பக்கம் அவுனிங் (வெயில் மறைக்கும் நீட்டுக்கூரை), கண்ணாடியில் கறுப்பு டின்ட் தாள் வேறு. எந்த விளக்கும் இதற்கு மருந்தில்லை.

"வைட்டமின் டி கிடைக்கும்" என்றார்களாம். சுத்தப் புரட்டு. அதற்குத் தேவையான புற ஊதா பி கதிரைச் சாதாரண எல்இடி தராது; சன்னல் கண்ணாடிகூடத் தடுத்துவிடும். இருட்டு வீட்டின் உண்மையான கேடு வேறு: உறக்க நேரம் குழம்புவது, மனச்சோர்வு, படியில் இடறுவது. காற்றோட்டமும் இல்லாவிட்டால் பூஞ்சை. ஏடிஸ் கொசுவும் இருண்ட மூலையில்தான் ஒதுங்கும்.

செலவு செய்வதென்றால் முதலில் டின்ட்டை உரியுங்கள். பிறகு நீட்டிய கூரையில், சன்னலுக்கு நேர் மேலே, ஒளி புகும் பாலிகார்பனேட் தகடு. புற ஊதா பூச்சுள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் சீக்கிரம் மஞ்சளாகும். வெக்கை வெளியேற ஓரத்தில் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் ரசீதைத் தொலைக்காதீர்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி முதலாம் பாரத்தை (படிவம் 1) நிரப்பலாம். வரம்பு 50,000 ரிங்கிட், காலக்கெடு மூன்று ஆண்டு. வழக்கறிஞர் வேண்டாம். "முன்பு, பின்பு" அறிக்கை இருந்தால் அதையும் சேருங்கள், அளந்த நேரம் அதிலேயே அச்சாகியிருக்கும்.