கிட்டாரில் பிராஸ்: வயரா, வயர்லெஸ்ஸா, வெறும் சாஃப்ட்வேரா?

கடலூரில் முகூர்த்த நாளில் டிரம்பெட், சாக்ஸ் ஆட்கள் கிடைப்பது குதிரைக்கொம்பு. இருக்கிறவர்களும் பேண்டு செட்டோடு மாப்பிள்ளை அழைப்புக்குப் போய்விடுவார்கள். எங்கள் மெல்லிசைக் குழுவில் பிராஸ் பிட் (இந்த ஊதுகருவிகள் வாசிக்கும் பகுதி) வந்தால் என் கிட்டார்தான் ஊத வேண்டும். அதாவது, கம்பியில் வாசிக்கும் சுரத்தை ஒரு பெட்டியோ சாஃப்ட்வேரோ கண்டுபிடித்து ஊதுகருவி ஒலியாகத் தர வேண்டும். மூன்று வழியிலும் ஊதிப் பார்த்தாயிற்று.

கம்பிகளின் அதிர்வைத் தனித்தனியாக எடுக்கும் ரோலண்டின் ஜிகே-3 பிக்கப்பும், அதை வேறு கருவி ஒலியாக்கும் 2011இல் வந்த ஜிஆர்-55 பெட்டியும் முதல் வழி. 13 பின் கேபிள் தடியாகக் காலில் சிக்கும். ஆனால் லேப்டாப் வேண்டாம். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் மேடை போட்டால், உப்புக் காற்றிலும் ஜெனரேட்டர் கரண்டிலும் அதுவே பெரிய நிம்மதி. தனி டிரம்பெட் ஒலி மட்டும் கொஞ்சம் பொம்மை ஊதல்தான்.

இரண்டாவது, ஃபிஷ்மன் ட்ரிபிள்ப்ளே பிக்கப். இது வயர்லெஸ், ஒலி லேப்டாப்பிலிருந்து. கம்பிக்கு ஒரு மிடி சேனல் (சுரத் தகவல் போகும் தனி வழி) என்பதால், முதல் இரண்டு கம்பிக்கு டிரம்பெட், மூன்றாவதுக்கு டெனர் சாக்ஸ், நான்காவதுக்கு டிராம்போன் வைத்தேன். விஷயமே இங்கேதான். நாலு பேர் சேர்ந்து ஊதிய 'செக்ஷன்' ஒலியில் மூன்று சுரக் கார்டு பிடித்தால் பன்னிரண்டு பேர் கூட்டமாகி ஆர்மோனியம் போலக் கேட்கும். பிரித்துவிட்டால் நாலு ஆள் நிற்பது காதில் தெரியும். ஒருமுறை பெண்ட் ரேஞ்சை (கம்பியை இழுத்தால் எத்தனை அரைச்சுரம் வரை நகரலாம் என்ற அளவை) கிட்டாரில் 12, லேப்டாப்பில் ஒலி தரும் சாம்பிளரில் 2 என்று விட்டுவிட்டேன். இழுத்ததில் ஆறில் ஒரு பங்குதான் நகர்ந்தது. பாடகி திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மூன்றாவது, ஜாம் ஆரிஜினின் மிடி கிட்டார் சாஃப்ட்வேர். இதற்குச் சாதா கிட்டார் ஜாக் போதும். ஆறு கம்பியும் ஒரே சிக்னலாகப் போவதால் எந்தச் சுரம் எந்தக் கம்பியில் என்று அதற்குத் தெரியாது. நாலு ஆள் வித்தை இதில் நடக்காது. ஒற்றை சாக்ஸ் மெலடிக்குச் சரி.

மூன்றிலும் அடிக்கம்பி பிந்தும். அது நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. ஒரு அதிர்வுக்கே 12 மில்லி நொடி. அது முடியாமல் சுரத்தைக் கண்டுபிடிக்க முடியாதே. டிராம்போன் லைனை ஒரு ஸ்தாயி மேலே வாசித்து, ஒலியை 12 அரைச்சுரம் இறக்கிவிடுகிறேன். உச்சக்கம்பியில் அதிர்வு 3 மில்லி நொடிதான்.

மேடைக்கு ஜிஆர்-55, ரெக்கார்டிங்குக்கு ட்ரிபிள்ப்ளே என்று வைத்திருக்கிறேன். இரண்டையும் கேட்ட சாக்ஸ் அண்ணன் ஒருவர் பெட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. "தம்பி, நீ மூச்சே விட மாட்டியா?" என்றார். அப்புறம்தான் இரண்டு பாருக்கு (தாள வட்டத்துக்கு) ஒருமுறை கையை எடுக்கப் பழகினேன்.