ஐரோப்பா டூர் போட்டுத் தருகிறேன் என்று 3,15,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள். முதல்முறை போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

போன வாரம்தான் ஊர் திரும்பினோம். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம் ரூபாய். நானும் வீட்டுக்காரரும் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். வக்கீல் வேண்டாம் என்று சொன்னதால் கடையின் பெயரைப் போடவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம், கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க ஈஃபில் டவர் படம் என்று இருக்கிற ஒரு டிராவல் ஏஜென்சி. லீவு குறைவாக இருப்பவர்கள் முதல்முறை ஐரோப்பா போவதற்கு என்னென்ன செய்யவேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்காரருக்கு ஒரு வாரம்தான் லீவு. முன்னும் பின்னும் சனி, ஞாயிறைச் சேர்த்துக்கொண்டால் பாரிஸ், சுவிஸ், ரோம் மூன்றையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். அத்தைக்குச் சாவதற்குள் ஒரு தடவை பனியை மிதிக்கவேண்டும். எனக்குப் பாரிஸில் இருக்கிற லூவ்ர் மியூசியம். அவருக்கு ரோமில் இருக்கிற கொலோசியம். குரூப் டூர் வேண்டாம் என்று முடிவெடுத்ததற்குக் காரணம் அத்தையின் மூட்டுவலி. கடைக்காரரும் அதையே பிடித்துக்கொண்டார்.

“குரூப்ல போனா அம்மாவால ஈடுகுடுக்க முடியாதுக்கா. காலைல ஆறு மணிக்கே பெட்டியை வெளிய வைக்கச் சொல்லுவாங்க. நான் உங்களுக்குன்னு தனியா போட்டுத் தர்றேன். ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரத்துல ரூம். ரயில் டிக்கெட், மலைக்கு டிக்கெட், மியூசியம் டிக்கெட் எல்லாம் முன்னாடியே கையில வந்துரும். நீங்க ஃப்ளைட் ஏறினா போதும்.”

அத்தை இருமியதும் பையனை அனுப்பி வெந்நீர் வாங்கி வரச்சொன்னார். தன் நாற்காலியை எடுத்து அத்தைக்குப் போட்டார். “எங்க அம்மாவை எங்கயும் கூட்டிட்டுப் போக முடியலம்மா. அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாங்க” என்று சொன்னபோது அவர் கண் கலங்கியது. அத்தைக்கும் கலங்கியது. “பெத்தவளை நினைச்சு அழுற பிள்ளை ஏமாத்தாது” என்று வீட்டுக்கு வந்து சொன்னார் அத்தை. அன்று ராத்திரியே முன்பணம் போனது. கார்டில் கட்டுகிறோம் என்றதற்கு, “கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா ஆகும்கா, எதுக்கு வீணா? அக்கவுண்ட்லயே போட்டுருங்க” என்றார். எங்களுக்குப் பணம் மிச்சம் பண்ணித் தருகிற மாதிரி.

விமானச் சீட்டைக் கண்ணில் காட்டினார். பாரிஸில் இறங்கி ரோமில் ஏறுகிற மாதிரி, மூன்று பேருக்கும். பி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பார்த்தோம், சரியாக இருந்தது. அது மட்டும்தான் உண்மை. மூன்று ஊர் ஓட்டலுக்கும் கன்ஃபர்மேஷன் தாள் கொடுத்தார். அந்தத் தாள்களை வைத்துத்தான் சென்னையில் ஷெங்கன் விசாவுக்கு, அதாவது இந்த மூன்று நாட்டுக்கும் சேர்த்து வாங்குகிற ஒரே விசாவுக்கு, விண்ணப்பித்தோம். கைரேகை வைத்தோம், ஆளுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்கு இன்ஷூரன்ஸ், எல்லாம் முறையாக. விசாவும் கிடைத்தது. ஒரு நாட்டின் தூதரகமே பார்த்து ஏற்றுக்கொண்ட தாள் பொய்யாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அந்தத் தாள்கள் பொய்யுமில்லை. ஏமாற்று வேலையே அங்கேதான் இருக்கிறது. குறிப்பிட்ட தேதிக்குள் ரத்து செய்தால் பணம் பிடிக்காத ரூம்கள் எல்லா புக்கிங் தளங்களிலும் உண்டு. அதில் நம் பெயரில் ரூம் போடுவார்கள். விசாவுக்குக் காட்டுவார்கள். விசா வந்ததும் ரத்து செய்துவிடுவார்கள். நம்மிடம் வாங்கிய பணம் அவர்கள் கையிலேயே நிற்கும்.

பாரிஸில் இறங்கி, ஆர்.இ.ஆர். ரயிலில் கார் து நோர் ஸ்டேஷனுக்கு வந்து, பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போனோம். வரவேற்பில் இருந்த பெண் என் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, புக்கிங் இருந்தது, ரத்தாகிவிட்டது என்றாள். திரையைத் திருப்பியே காட்டினாள். விசா ஒட்டிய பாஸ்போர்ட் எங்கள் கைக்கு வந்ததற்கு மறுநாள் தேதி. அன்றைக்கு நாங்கள் இனிப்பு வாங்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போயிருந்தோம். எங்கள் மைசூர்பாகைத் தின்ற கையால்தான் அதை ரத்து செய்திருக்கிறார்.

அந்த ஓட்டலில் வேறு ரூம் இல்லை. கோடைக் கூட்டம். அத்தை பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் கொஞ்சம் நடந்தால் லா ஷப்பேல். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கிற இடம். தமிழ் எழுத்துப் பலகையைப் பார்த்ததும் ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்துவிட்டேன். கடையில் இருந்த அண்ணா முழுதாகக் கேட்கக்கூட இல்லை. “பயப்பிடாதேங்கோ தங்கச்சி, முதல்ல அம்மாவை உள்ளுக்கு இருத்துங்கோ” என்றார். தேத்தண்ணி வந்தது. நாலைந்து இடத்துக்குப் போன் அடித்து ஒரு ரூம் பிடித்துக் கொடுத்தார். ஒரு ராத்திரிக்கு 210 யூரோ. எங்களைத் தெரியாத மனிதர், ஒரு காசு வாங்கவில்லை. எட்டு மாதம் பழகிய ஏஜென்ட் போனை எடுக்கவில்லை.

இனி அவர் பதில்களைக் கேளுங்கள். முதலில் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். பிறகு கடைப் பெண்: “சார் மீட்டிங்ல இருக்காங்க மேடம்.” பிறகு, “ஓட்டல் சைடுல ஏதோ சிஸ்டம் ப்ராப்ளம், நீங்க இப்போதைக்குக் கைக்காசு போட்டுக்குங்க, பில் வச்சிருங்க, ரீஃபண்ட் பண்ணிருவோம்.” நம்பி பில்லெல்லாம் பத்திரப்படுத்தினேன். சுவிஸ் ரயில் பாஸ் கேட்டதற்கு, “கிளம்புறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் வாட்ஸ்அப்ல வரும்” என்றாள். வரவில்லை. பாரிஸிலிருந்து ஜூரிச் போகும் ரயிலுக்கும் சீட்டு இல்லை. கடைசி நேரத்தில் அந்த ரயிலில் மூன்று பேருக்குக் கேட்ட விலையைப் பார்த்து வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் போனை மூடி வைத்தார். அதற்கு மேல் சுவிஸில் ஓட்டல் செலவு வேறு. சுவிஸை விட்டுவிட்டு நேராக ரோமுக்குப் பறந்தோம். சுவிஸில் எங்கெல்பெர்க் என்கிற ஊரில் டிட்லிஸ் மலைக்குச் சுற்றிக்கொண்டே ஏறும் கேபிள் காரின் வீடியோவைப் பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருந்தார் அத்தை. “பரவால்லம்மா, படத்துல பாத்ததே போதும்” என்றார். எழுபத்தொரு வயசு. இன்னொரு தடவை எங்கே போகப்போகிறார்?

போட்டுக் கொடுத்த திட்டமாவது ஒழுங்கா என்றால், லூவ்ரைச் செவ்வாய்க்கிழமையில் போட்டிருக்கிறார். லூவ்ருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வத்திக்கான் மியூசியத்தை ஞாயிற்றுக்கிழமையில் போட்டிருக்கிறார். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அது மூடியிருக்கும், நாங்கள் போனது கடைசி ஞாயிறு இல்லை. டிக்கெட் என்று ஒன்றை வாங்க முயன்றிருந்தாலே அந்தத் தேதிக்கு விற்பனை இல்லை என்று தெரிந்திருக்கும். வாங்க நினைக்கவே இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம் வாங்கியிருக்கிறார். கொலோசியம் டிக்கெட்டில் ஆளின் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். எங்களுக்கு அது கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்து நேரில் போனோம். இந்தத் தடவை யாரும் நாற்காலி போடவில்லை. “போய்ட்டு நல்லபடியா வந்துட்டீங்கல்ல மேடம், அப்புறம் என்ன?” என்றார். அதே வாய். பில்களை நீட்டினால், “அக்கவுண்ட்ஸ்ல குடுத்துட்டுப் போங்க, பிராசஸ் ஆகும்” என்கிறார். எப்போது என்றால், பாரிஸ் பார்ட்னர் பணம் திருப்பிய பிறகாம். எந்த பார்ட்னர் என்றால் பதில் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் இது சிவில் விவகாரம் என்று கைகாட்டிவிட்டார்கள். டி.சி.எஸ். (வெளிநாட்டு டூர் விற்பவர் நம்மிடம் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய வரி) என்று தனியாக ஒரு தொகை பிடித்தாரே, அதுவாவது என் வரிக்கணக்கில் இருக்கிறதா என்று 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு ரூபாய் ஏறவில்லை. அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய பணத்தையும் விழுங்கியிருக்கிறார்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்:

விசா கிடைத்ததும், கிளம்புவதற்கு முன்னும், ஒவ்வொரு ஓட்டலுக்கும் நீங்களே மெயில் போட்டு, புக்கிங் உயிரோடு இருக்கிறதா, பணம் கட்டியாகிவிட்டதா என்று கேளுங்கள். ஏஜென்ட் கொடுக்கும் தாளை நம்பாதீர்கள்.

பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ரெண்டு பர்சன்ட் போனால் போகட்டும், வங்கியில் புகார் கொடுத்துத் திரும்பக் கேட்கவாவது வழி இருக்கும். எங்களுக்கு அதுவும் இல்லை.

ஈஃபில் டவர் லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பே அதிகாரப்பூர்வத் தளத்தில் திறக்கும். கொலோசியத்துக்கு 30 நாள் முன்பு. நீங்களே உட்கார்ந்து வாங்குங்கள், கஷ்டமே இல்லை. விடுமுறைக் கிழமைகளைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். நாள் குறைவு என்றால் இரண்டு ஊர் போதும்.

டி.சி.எஸ். பிடித்தால் சான்றிதழ் கேளுங்கள். 26ஏஎஸ்-இல் ஏறுகிறதா பாருங்கள்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் அடியுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, பத்து லட்சம் வரை 200 ரூபாய். எங்களுக்குக் கட்டணம் இல்லாத வகைதான். நோட்டீஸ் நாளைக்குப் போகிறது. இதே மாதிரி விசா வந்த பிறகு ஓட்டல் ரத்தான கதை யாருக்காவது இருந்தால், ரத்தான தேதி தெரிகிற ஓட்டல் மெயிலைப் பத்திரமாக வையுங்கள், எனக்கும் எழுதுங்கள். ஒரே ஆளாகக் கேட்டால் அந்தக் கடையில் மதிப்பதே இல்லை.