2021 முதல் ஆறு மணிக்குப் போகும் மெயில்

திருப்பூரில் 15 வேலம்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் தரும் பையர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் வேலையைப் பார்த்துக்கொள்பவனாக, இருக்கிறேன். எந்த ஸ்டைலில் கட்டிங் எவ்வளவு, ஸ்டிச்சிங் எவ்வளவு, செக்கிங், பேக்கிங் எவ்வளவு என்று தினமும் சாயங்காலம் ஒவ்வொரு பையருக்கும் தனித்தனி மெயில் போக வேண்டும். எக்செல்லில் காப்பி பண்ணி, ஒட்டி, கலர் போட்டு அனுப்ப முக்கால் மணி நேரம் போய்விடும். 2021இல் அதைப் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியிடம் விட்டேன். இன்று வரை அதுதான் அனுப்புகிறது.

அனுப்புகிற வேலை ஒன்றும் பெரிசில்லை. மெயில் அனுப்பும் எஸ்எம்டிபிலிப் என்ற தொகுப்பு பைத்தானோடு கூடவே வருகிறது. 587 போர்ட், ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் கட்டளை), லாகின், அனுப்பு. பத்துப் பதினைந்து வரிக்குள் முடிந்துவிடும். ஜிமெயில் பாஸ்வேர்டைத்தான் முதலில் அப்படியே புரோகிராமில் எழுதியிருந்தேன். 2022 மே 30க்குப் பிறகு அப்படி லாகின் பண்ண முடியாது என்று கூகுள் முன்கூட்டியே அறிவித்திருந்தது, நான்தான் படிக்கவில்லை. போதாததற்கு, எரர் வந்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும்படி எழுதி வைத்திருந்தேன். "மெயிலே வரலீங்களே" என்று பையிங் ஏஜென்ட் போன் பண்ணிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, புரோகிராமுக்கென்று கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் வாங்கியதும் சரியாகிவிட்டது. மெயில் போகவில்லை என்றால் இப்போது என் போனுக்குச் செய்தி வரும்.

பாடுபடுத்தியது ஃபார்மேட்டிங். மெயிலும் வெப் பக்கம் மாதிரி எச்டிஎம்எல்லில்தானே என்று, வெப் பக்கத்தை அடுக்கப் புதுசாகக் கற்ற ஃப்ளெக்ஸ், டிவ் எல்லாவற்றையும் இறக்கினேன். என் பிரவுசரில் பட்டுப் புடவை மாதிரி இருந்தது. மெயிலுக்கு அது உதவாது. விண்டோஸில் போட்டிருக்கும் வழக்கமான அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்து எச்டிஎம்எல்லை வேர்டின் எஞ்சினை வைத்துத்தான் காட்டுகிறது. அதற்கு ஃப்ளெக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. ஆகவே இருபது வருஷத்துக்கு முந்தைய வெப்சைட் மாதிரி எல்லாம் டேபிள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஸ்டைல். பார்க்க அசிங்கமான புரோகிராம்தான், ஆனால் எங்கே திறந்தாலும் கலையாமல் நிற்கிறது. லோகோ படத்தை பேஸ்64ஆக (எழுத்துகளாக மாற்றி) எச்டிஎம்எல்லுக்குள்ளேயே திணித்தால் ஜிமெயிலில் தெரியாது. மெயிலோடு சேர்த்து அனுப்பி, சிஐடி என்ற அடையாளப் பெயரை வைத்துக் கூப்பிட வேண்டும். அப்புறம் அளவு. 102 கேபிக்கு மேல் போனால் ஜிமெயில் மீதியை மடித்து வைத்துவிடும். நம் டேபிளில் மொத்தம் கடைசி வரியில்தானே இருக்கிறது! அதைத் தூக்கி மேலே வைத்தேன்.

கூசிப்போன சம்பவம் வேறு. பைத்தானில் மெயிலை உருவாக்கும் பழைய எம்ஐஎம்இ முறையில் எழுதியபோது, ஒவ்வொரு பையருக்கும் ஒரு தடவை சுற்றும் லூப்புக்கு வெளியே மெயில் ஆப்ஜெக்ட்டை ஒரே ஒரு தடவை உருவாக்கியிருந்தேன். சுற்றுக்குச் சுற்று 'டு' (பெறுநர் முகவரி) மாறும் என்று நினைப்பு. அது மாறாது, ஒன்றன் கீழ் ஒன்றாகச் சேரும். மூன்றாவது பையர் மெயிலைத் திறந்தால் தலைப்பில் முதல் இரண்டு பையர்களின் முகவரியும் இருந்தது. யாருக்கு யார் தைக்கிறார்கள் என்பது எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய ரகசியம் என்று சொல்ல வேண்டியதில்லை. புதிய இமெயில்மெசேஜ் கிளாஸில் இரண்டாவது 'டு' போட்டாலே எரர் அடித்து நின்றுவிடும். புதிதாக எழுதுகிறவர்கள் நேராக அதற்கே போங்கள். எச்டிஎம்எல்லோடு வெறும் எழுத்து வடிவத்தையும் சேர்ப்பது அதில் இரண்டே வரி. தமிழ்ப் பெயர்களும் உடையாமல் போகின்றன.

தீபாவளிக்குக் கம்பெனி ஒரு வாரம் பூட்டு. தினமும் நேரத்துக்குப் புரோகிராமை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலருக்கு லீவு சொல்ல மறந்துவிட்டேன். பழைய ஷீட்டையே எடுத்து, அன்றைய தேதி போட்டு, தினமும் ஆறு மணிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. "ஏந்தம்பி, பூட்டிக் கெடக்கற கம்பெனியில எவன் கட்டிங் போட்டான்?" என்று முதலாளி கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை. இப்போது எக்செல் ஃபைல் இன்று சேவ் ஆகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கும், இல்லையென்றால் அனுப்பாது. இன்னொன்று: எக்செல் ஃபைலைக் கையாளும் ஓபன்பைஎக்செல் என்ற பைத்தான் தொகுப்பில் ஒரு ஷீட்டை எழுதி, எக்செல்லில் திறந்து சேவ் பண்ணாமல் மறுபடி மதிப்புகளை வாசித்தால் ஃபார்முலா செல்லெல்லாம் 'நன்' (None, ஒன்றுமில்லை) என்று வரும். செக்கிங் 'நன்' பீஸ் என்று ஒருநாள் பையருக்கே போய்விட்டது.

செலவு ஒன்றும் இல்லை. சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு வரை அனுப்பலாம். எங்களுக்குப் பன்னிரண்டு மெயில்தான். நூற்றுக்கணக்கில் விளம்பர மெயில் அனுப்ப நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன், அதற்குத் தனிச் சேவைகள் இருக்கின்றன. எங்கள் மாதிரி தினசரி ரிப்போர்ட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஒரே ஒரு குறை பாக்கி. முதலாளி போனில்தான் பார்ப்பார். டேபிளின் ஒன்பது நெடுவரிசையை ஐந்தாகக் குறைத்தும், பேக்கிங் நெடுவரிசை அவருக்குத் திரைக்கு வெளியேதான் நிற்கிறது. ஆறேகாலுக்கு அவர் போன் வரும், நான் வாயால் சொல்லிவிடுவேன்.