மவுத் அண்ட் மெக்நீல்: ஏழு வருஷம் ஒரே இசைத்தட்டைத் தேய்த்த அனுபவம்

2018 ஏப்ரலில் உட்ரெக்ட் நகரத் தெருவில் ஒரு பழைய போர்வையின் மேல் கிடந்தது இந்தத் தட்டு. நெதர்லாந்தில் அரசர் தினத்தன்று யார் வேண்டுமானாலும் வீட்டுப் பழைய சாமானைத் தெருவில் பரப்பி விற்கலாம். உட்ரெக்டில் முந்தின நாள் சாயங்காலமே கடை விரித்துவிடுவார்கள். உறையில் ஒரு தாடிக்காரர், பக்கத்தில் ஓர் இளம்பெண். விலை ஒரு யூரோ. ஏழு அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று, மவுத் அண்ட் மெக்நீல் என்ற டச்சு ஜோடி பாடிய 'ஹௌ டூ யூ டூ'.

முதல் வாரமே ஏமாற்றம். பல்லவி முடிகிற இடத்தில் ஊசி தாண்டிக் குதித்தது. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி. பள்ளத்தின் போக்கிலேயே துடைத்துக் காயவைத்தேன். குதிப்பது நின்றது, பொரிகிற சத்தம் மட்டும் போகவில்லை. ஊசிக் கை மேல் நாணயம் வைத்து அழுத்தும் வேலையும் ஒருமுறை பார்த்தேன். நீங்கள் செய்யாதீர்கள், தட்டைத் தின்றுவிடும்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். மவுத் என்பது வில்லெம் டாய்ன், 1937இல் ஹார்லமில் பிறந்தவர். மேகி மெக்நீல் தில்பர்க் ஊர்க்காரர், அவரைவிடப் பதின்மூன்று வயது சின்னவர். இருவரும் காதலர்களோ தம்பதியோ இல்லை. தனித்தனியாகப் பாடிக்கொண்டிருந்தவர்களை 1971இல் சேர்த்துவைத்தவர் தயாரிப்பாளர் ஹன்ஸ் வான் ஹெமர்ட். அந்த ஆளின் காதைப் பாராட்ட வேண்டும். ஜல்லியைத் தகரக் கொட்டகை மேல் கொட்டினாற்போல ஒரு குரல், கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளர் போல இன்னொரு குரல். எந்தப் பாட்டு வாத்தியாரும் இதுகளை ஒரே மைக்கில் நிற்கவிட மாட்டார்.

முதல் வருஷம் முழுக்க நான் கேட்டது கரகரப்பான டாய்னைத்தான். சமைக்கும்போது போட்டால் கரண்டியே தாளம் போடும், அவ்வளவு கூத்து. மூன்றாம் வருஷம் போலத்தான் புரிந்தது, பாட்டைத் தாங்குவது மேகி. அவர் மெட்டை ஒரு இழை பிசகாமல் பிடித்திருப்பதால்தான் இவர் குறுக்கே புகுந்து உறுமினாலும் அது கேலியாகிவிடாமல் பாட்டாகவே நிற்கிறது. இவர் மட்டும் பாடியிருந்தால் குடித்துவிட்டு வரும் பெரியப்பா மாதிரிதான் இருந்திருக்கும்.

1972இல் இந்தத் தட்டு நெதர்லாந்தில் முதலிடம், அமெரிக்காவின் பில்போர்ட் ஹிட் பாட்டுப் பட்டியலில் எட்டாம் இடம். ஆங்கிலத்தில் பாடிய டச்சுக்காரர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. இவர்களின் இன்னொரு பாட்டு 'ஹலோ-ஏ'யும் அதே வருஷம் ஊரில் சக்கைப்போடு போட்டது.

அந்தத் துணிச்சலில் அவர்களுடைய பாடல் தொகுப்பு சிடி ஒன்றையும் வாங்கினேன். இதுதான் என் குறை. ஐந்தாவது பாட்டிலேயே திகட்டிவிடுகிறது. மறுபடி அவர் உறுமுவார், மறுபடி இவர் மிதப்பார், மறுபடி கூட்டமாக லாலலா. ஒரு லட்டு அருமை, ஒரு டஜன் லட்டு தண்டனை. ஏழு வருஷத்தில் அந்த சிடியை முழுசாகக் கேட்டது இரண்டு தடவை. இந்த ஜோடி மூன்று வருஷத்தில் முடிந்தது ஏன் என்று யாராவது கேட்டால் அந்த சிடியைக் கையில் கொடுத்துவிடுவேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1974 ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைட்டனில் நடந்த யூரோவிஷன், ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டி. ஸ்வீடன் குழுவான ஆபா 'வாட்டர்லூ' பாடி ஜெயித்த அதே இரவு. ஆபாவுக்கு 24 புள்ளி, இத்தாலியின் ஜில்யோலா சிங்க்வெட்டிக்கு 18, இவர்களுக்கு 15, மூன்றாம் இடம். மேடையில் ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் சுற்றுகிற கைப்பிடி ஆர்கன் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு பாடினார்கள். காட்சியாகப் பார்த்தால் சிரிப்பு வரும். கண்ணை மூடிக் கேட்டால் மேகி மேலே ஏறுகிற இடத்தில் மயிர்க்கூச்செறியும். அங்கே ஆங்கிலத்தில் பாடினார்கள். எனக்கு அதே பாட்டின் 'இக் ஸீ ஏன் ஸ்டெர்' என்ற டச்சு வடிவம்தான் பிடிக்கும். டாய்ன் அதில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொந்த வீட்டுக்குள் நடக்கிறார்.

அந்த வருஷக் கடைசியில் பிரிந்துவிட்டார்கள். டாய்ன் வேறொரு பெண்குரலோடு ஜோடி சேர்ந்தார், 2004இல் காலமானார். மேகி 1980இல் தனியாக யூரோவிஷன் போய் ஐந்தாம் இடம் வாங்கினார். பக்கத்து வீட்டுப் பெரியவர் என் தட்டு சுவர் வழியே கேட்டதும் அந்தக் கரகரப்பை அப்படியே எடுத்துப் பாடுவார். ஆனால் மேகி 1976இல் தனியாகப் பாடிய 'தெருக் நார் த கஸ்ட்' என்றால் பாடமாட்டார், ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டுச் சும்மா இருப்பார்.

வாங்க நினைப்பவர்களுக்கு: தனித்தட்டாக வாங்குங்கள், சிடி வேண்டாம். நடு ஓட்டை பெரிசா என்று பாருங்கள், பெரிசென்றால் பிளாஸ்டிக் வளையம் தனியாக வாங்க வேண்டியிருக்கும். நான் அது தெரியாமல் முதல் ராத்திரி அட்டையை வெட்டி நடுவில் சொருகிக் கேட்டேன். தட்டு ஆடியது, மேகிக்கும் கொஞ்சம் போதை ஏறியது போலிருந்தது.