ராட்டினமா, கொலம்பஸா, ரோலர் கோஸ்டரா: யார் உடம்புக்கு எது ஒத்துவரும்?

கோடை விடுமுறை வந்தால் வேலூர்க்காரர்களுக்கு மூன்று வழி. பொருட்காட்சியிலும் திருவிழாவிலும் போடும் ராட்டினம் (ஜெயன்ட் வீல்), கப்பல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும் கொலம்பஸ். சென்னைக்குள் நுழையும் முன்பே வரும் குயின்ஸ்லேண்ட் கேளிக்கைப் பூங்கா. இல்லையென்றால் பெங்களூரைத் தாண்டி, பிடதியில் 2005 முதல் இருக்கும் வொண்டர்லா. எங்கே போனாலும் சின்ன ரைடு பிள்ளைகளுக்கு, பெரிய ரைடு நமக்கு என்று பிரித்துவிடுகிறோம். உடம்பின் கணக்கு வேறு.

கப் அண்ட் சாஸர் மாதிரி சுற்றும் ரைடுகளில் தோற்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுக்குள் திரவம். ரைடு நின்ற பிறகும் திரவம் கொஞ்ச நேரம் ஓடும். நின்றுவிட்டோம் என்று கண் சொல்லும், இன்னும் சுற்றுகிறோம் என்று காது சொல்லும். குமட்டல் இந்தக் குழப்பத்தில்தான் வருகிறது. தட்டாமாலை சுற்றி விழுந்து சிரிக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கிறுகிறுப்பே விளையாட்டு. நாற்பதைத் தாண்டியவருக்கு, அதுவும் ஏற்கெனவே தலைசுற்றல் உள்ளவருக்கு, அன்றைய பொழுது அத்தோடு முடிந்தது. ஆனால் பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பிள்ளையாக இருந்தால் யோசியுங்கள். பயணக் குமட்டல் அதிகம் வாட்டுவதே ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள். பிடதிக்குப் போகும் வழியில் ஆம்பூரில் இறங்கி பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு ஏறுவது யாருக்குமே நல்லதில்லை. வெறும் வயிறும் உதவாது. இரண்டு இட்லி போதும்.

கொலம்பஸ் பார்க்கச் சாதுவாகத் தெரியும். எனக்கு அதிகம் பயம் இதில்தான். கப்பலின் இரு முனைகளில் உட்கார்ந்தால் உச்சியில் உடம்பு இருக்கையை விட்டு எழும்பும், வயிறு மேலே வருவது போலிருக்கும். நடுவரிசையில் அது குறைவு. சிக்கல், மடிமேல் இறக்கிப் பூட்டும் பாதுகாப்புக் கம்பியில் இருக்கிறது. ஒரு வரிசைக்கு ஒரே கம்பி என்றால், அது பருமனான பெரியவரின் தொடையில் முட்டியதும் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் பொடியனுக்கும் கம்பிக்கும் நடுவே இன்னொரு பிள்ளை உட்காரலாம். அப்பா தோளை அணைத்துப் பிடித்திருக்கிறார் என்பது பாதுகாப்பு ஆகாது. அந்த வேகத்தில் கை தாங்காது.

ரோலர் கோஸ்டர் வாசலில் உயரம் அளக்கும்போது, "என் பையனுக்குப் பயமே கிடையாது சார்" என்று வாதாடும் பெற்றோரைப் பார்க்கலாம். அளப்பது தைரியத்தை அல்ல, கம்பி உடம்பில் சரியாகப் பொருந்துமா என்பதைத்தான். பிறந்த குழந்தைக்குத் தலை உடம்பு நீளத்தில் கால் பங்கு. பெரியவருக்கு எட்டில் ஒரு பங்கு. வளரும் வயதில் தலை கனமாகவும் கழுத்து மெலிவாகவும் இருக்கும். வளைவில் எடை சில நொடிகள் மூன்று நான்கு மடங்கானால் அடி வாங்குவது அந்தக் கழுத்து.

பெரியவர்களுக்குக் கழுத்து தாங்கும், இதயம்தான் கேள்வி. ஜெர்மனியில் மான்ஹைம் ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 55 பேரை ஒரு பெரிய கோஸ்டரில் ஏற்றிப் பார்த்தார்கள். சராசரி இதயத் துடிப்பு 91இலிருந்து 153 ஆனது. நல்ல இதயம் இதைச் சமாளித்துவிடும். பிரஷர், இதய நோய், முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கீழே நின்று பையைப் பார்த்துக்கொள்ளலாம்.

கோஸ்டருக்கு ஒரு வினோதப் பெருமையும் உண்டு. 2016இல் அமெரிக்க மருத்துவர்கள் சிறுநீரக மாதிரி ஒன்றில் கற்களைப் போட்டு, டிஸ்னி வேர்ல்டின் கோஸ்டரில் கொண்டுபோனார்கள். கடைசி இருக்கையில் சுமார் 64 சதவீதம் கற்கள் நகர்ந்து வெளியேறின, முன்னிருக்கையில் 17 சதவீதம்தான். நம்ம ஊர் வெயிலுக்குக் கல் தொல்லை புதிதல்ல என்றாலும், இதை வைத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ராட்டினம்? உயர பயம் இல்லாத யாருக்கும் சரி. ஆக, குடும்பத்தோடு போனால் பொடிசுகளுக்குச் சின்னச் சுற்று ரைடும் தனிக் கம்பி உள்ளவையும், பதின்வயதினருக்கு கோஸ்டர், தாத்தா பாட்டிக்கு ராட்டினம். கொலம்பஸ் என்றால் நடுவரிசை, அதுவும் கம்பியை நீங்களே ஒருமுறை ஆட்டிப் பார்த்த பிறகு.